நாசர் ஏரியில் நான்கு நாட்கள்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாலைவனத்தில் படகு விடலாம் என்று எவரேனும் சொன்னால் நாம் நகைப்போம். பாலையைப் பற்றி நம் இலக்கியங்கள் கற்பித்ததெல்லாம் வறண்ட மணலும் வெம்மையும் வழிப்பறியுமே. ஆனால் எகிப்து நாட்டின் தென்கோடியிலே, ஆண்டில் ஓர் அங்குல மழையையேனும் காணாத மணற்காட்டின் நடுவே, கரை காண இயலாத நீர்ப்பரப்பு ஒன்று உண்டு. நாசர் ஏரி என்பது அதன் பெயர். சென்ற குளிர்காலத்தில் நானும் என் துணைவியாரும் நான்கு நாட்கள் அதில் படகில் சென்றோம். இரவுகளில் கரையிலே கூடாரம் அடித்துத் தங்கினோம். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். பயணக் கதையோடு நில்லாமல், அந்த நீருக்கு அடியில் கிடப்பதைப் பற்றியும் சிறிது கூற விரும்புகிறேன்.

ஏரி இயற்கையில் அமைந்ததன்று. அஸ்வான் நகருக்குத் தெற்கே நைல் நதியை மறித்து 1960-இல் தொடங்கி 1970-இல் முடிக்கப்பட்ட உயர் அணையால் தேங்கியது. அணையின் உயரம் 111 மீட்டர். அதன் அடிப்பாகத்தின் அகலம் மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் என்றால் அதன் பருமனை ஊகித்துக் கொள்ளலாம். அணையைக் கட்ட அமெரிக்கா பணம் தர மறுத்ததும், 1956-இல் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதும், பிறகு சோவியத் நாடு கைகொடுத்ததும் நம்முள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவற்றை நான் விரிக்கப் போவதில்லை. தேங்கிய நீர் தெற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பரவி, சூடான் நாட்டுக்குள்ளும் புகுந்து நிற்கிறது. சூடானியர் தங்கள் பகுதியை நூபியா ஏரி என்று அழைக்கின்றனர்.

நம் காலனியில் பொறியாளர்கள் பலர் இருப்பதால் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். நம் மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நாசர் ஏரி நிறைந்தால் அதைப்போல் 60 மேட்டூர்கள் கொள்ளும். அது ஒரு வியப்பு. அதனினும் பெரிய வியப்பு, அந்தப் பாலைவனக் கதிரவன் ஆண்டுதோறும் அந்த ஏரியிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் நீர் ஏறக்குறைய 4 மேட்டூர்களுக்குச் சமம் என்பது. 1959-இல் எகிப்தும் சூடானும் நைல் நீரைப் பங்கிட்டுக் கொண்டபோதே, ஆவியாகப் போகும் இந்த நீரையும் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டன.

அணைக்கு அருகிலுள்ள துறையிலிருந்து புறப்பட்டோம். எங்கள் படகு ஆடம்பரமானதன்று. உறங்குவதற்கு நான்கு சிறு அறைகளும், சமையற்கட்டும், மேல்தளமும் கொண்ட விசைப்படகு. பின்னால் ஒரு சிறு படகும் கட்டியிருந்தது. வேறு மூன்று பயணிகள் மீன் பிடிப்பதற்கென்றே வந்திருந்தனர். நைல் மீன் என்று உலகெங்கும் தூண்டிற்காரர்கள் கொண்டாடும் அந்தப் பெருமீன், நம் கடற்கரையில் கொடுவா என்கிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்தது. நூறு கிலோவுக்கு மேலும் வளரக் கூடியது. எங்கள் நண்பர்களுக்குக் கிடைத்தவை அத்தனை பெரியவை அல்ல. எனினும் அவர்கள் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. படகின் சமையற்காரர் எங்கள் இருவருக்கும் அவரையைப் போன்ற ஒரு பருப்பை வேக வைத்து எண்ணெயும் எலுமிச்சையும் பிழிந்து ரொட்டியோடு கொடுத்தார். பருகுவதற்குக் கர்க்கடே என்ற செந்நிறப் பானம். என் துணைவியார் ஒரு மிடறு பருகியதும், இது நம் புளிச்சக்கீரைப் பூவின் புளிப்பல்லவா என்றார். அவர் கூற்று சரியே; செடி அந்த இனத்ததுதான்.

இந்த ஏரியின் கரை நாம் அறிந்த ஏரிக்கரைகளைப் போன்றதன்று. கரையில் மரமில்லை, ஊரில்லை, வயலில்லை. ஒரு காலத்தில் குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்குகளாக இருந்தவை இன்று நீர் புகுந்து விரல்களைப் போல் உள்ளே நீள்கின்றன. அவற்றைக் கோர் என்கின்றனர். கோடையின் இறுதியில் எத்தியோப்பிய மலைகளின் மழைநீர் வந்து சேர ஏரி உயர்கிறது. குளிர்காலத்திற்குப் பின் மெல்ல இறங்குகிறது. இவ்வாறு ஏறியிறங்குவதால் கரை என்பது ஓரிடத்தில் நிற்பதில்லை. படகோட்டிகளுக்கு நிலப்படத்தைவிட நினைவே துணை.

அத்தகைய ஒரு கோரின் உள்ளே சென்று இரவு தங்கினோம். பகலில் சட்டை அணியவும் மனமில்லாத வெயில். இரவிலோ இரண்டு கம்பளிகள் வேண்டியிருந்தன. கூடாரத்திற்கு வெளியே காலணி இன்றி நடக்கக் கூடாது, காலையில் காலணியை உதறிப் பார்த்தபின்பே அணிய வேண்டும் என்பது கட்டளை. தேளும் கொம்புவிரியனும் அங்கே குடியிருப்பவை. நீரில் இறங்கிக் குளிப்பதும் கூடாது. அணைக்குக் கீழே நைலில் முதலை இல்லாமற் போயிற்று. அணைக்கு மேலே அவை பல்கிப் பெருகியிருக்கின்றன. விளக்கை அணைத்தபின் வானத்தைப் பார்த்தோம். நகரத்தின் புகையும் விளக்கும் இல்லாத அந்த வானத்தை வருணிக்க முயன்று உங்கள் பொழுதைப் போக்க மாட்டேன்.

இனி, நான் முக்கியமாகக் கூற வந்த பொருளுக்கு வருகிறேன்.

முதல் நாளே புதிய கலப்ஷா என்னும் தீவில் இறங்கினோம். அங்கே பெரிய கோயிலொன்று நிற்கிறது. பயணிகள் அனைவரும் அதை நோக்கியே செல்வர். கோயிலை ஒட்டி வெட்டவெளியில் சில பாறைத் துண்டுகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகில் எவரும் நெடுநேரம் நிற்பதில்லை. நான் நின்றேன். கருத்த மணற்பாறையின் மேல் யானை, ஒட்டகச்சிவிங்கி, மான், நீண்ட கொம்புடைய மாடு, இரு முனையும் உயர்ந்த படகு ஆகிய உருவங்கள் செதுக்கப்பட்டிருந்தன. வண்ணம் தீட்டிய ஓவியங்கள் அல்ல. கல்லைக் கொண்டு கல்லைக் கொத்தி உண்டாக்கியவை.

அவை உண்டான விதம் எளிது. பாலைவனத்துப் பாறையின் மேற்புறத்தில் இரும்பும் மாங்கனீசும் படிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கரும்பழுப்பான ஒரு தோல் உண்டாகிறது. கூரிய கல்லால் கொத்தினால் தோல் நீங்கி உள்ளேயிருக்கும் வெளிறிய கல் தெரிகிறது. அந்த வெளிறிய கோடே சித்திரம். காலம் செல்லச் செல்ல அந்தக் கோட்டின் மேலும் தோல் படிந்து கருக்கத் தொடங்குகிறது. ஆகவே ஒரே பாறையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல உருவங்கள் இருந்தால், மிகக் கருத்தது மூத்தது, வெளிறியது இளையது என்று ஓரளவு கூறிவிடலாம். மூத்த வரிசையில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும். பின்னர் மாட்டு மந்தைகளும் படகுகளும். அதற்கும் பின்னர் ஒட்டகம். கடைசியில் கிறித்தவச் சிலுவைகள். நூல் எழுதாத மக்கள் தம் வரலாற்றை ஏடு ஏடாக ஒரே பாறையில் எழுதி வைத்தனர் என்றே சொல்ல வேண்டும்.

மணலன்றி வேறில்லாத நாட்டில் ஒட்டகச்சிவிங்கி எங்கிருந்து வந்தது? அது கற்பனையன்று. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பருவமழை இன்றைக்கு எட்டாத வடபகுதிகள் வரை சென்று பெய்தது. சகாரா முழுதும் புல்வெளியும் ஏரிகளுமாக இருந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் மழை தெற்கே பின்வாங்கியது. விலங்குகளும் அதன் பின்னே சென்றன. மனிதர்கள் நைல் கரைக்கு ஒதுங்கினர். ஆக, அந்தப் பாறையில் ஒட்டகச்சிவிங்கியைக் கொத்தியவன் பாலைவனத்தைக் கண்டவனே அல்லன். அவன் கண்ட நாடு வறட்சியில் மறைந்தது. அவன் கொத்திய பாறையோ வெள்ளத்தில் மறைந்தது.

அணையின் நீர் ஏறப் போகிறது என்று தெரிந்ததும், 1960 மார்ச் மாதம் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ உலக நாடுகளை நோக்கி வேண்டுகோள் விடுத்தது. அபு சிம்பல் கோயில்களைத் துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தியதை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றும் 30 டன் வரை எடை. செலவு 4 கோடி டாலர் அளவு. 1968-இல் பணி முடிந்தது. அமடா கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் ஓவியம் உதிர்ந்துவிடும் என்று அஞ்சி, பகுதியை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி 2.6 கிலோமீட்டர் இழுத்துச் சென்றனர். உதவிய நாடுகளுக்கு எகிப்து சில சிறு கோயில்களைப் பரிசாகவே கொடுத்துவிட்டது. அவற்றுள் ஒன்று இன்று நியூயார்க்கிலும், மற்றொன்று மாட்ரிட்டிலும் நிற்கின்றன. மனிதனின் திறமைக்கு இவற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பாறைச் சித்திரங்களுக்கு இந்தப் பேறு கிட்டவில்லை. கோயில் ஓரிடத்தில் நிற்பது. சித்திரங்களோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்கு இருகரைப் பாறைகளிலும் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் அறுத்தெடுப்பது எப்படி? ஸ்காண்டிநேவிய நாடுகளின் கூட்டுக்குழு ஒன்று 1961 முதல் 1964 வரை சூடான் பகுதியின் கிழக்குக் கரையில் பாறை பாறையாக ஏறி, ஆயிரக்கணக்கான உருவங்களைப் பதிவு செய்தது. செக்கோஸ்லோவாகியரும் ஆஸ்திரியரும் ஸ்பானியரும் தத்தம் பகுதிகளில் அவ்வாறே செய்தனர். ஏறிவரும் நீருக்கு முன்னே ஓடி ஓடிப் படம் எடுத்த அந்த அறிஞர்களை நான் மனமார வணங்குகிறேன். ஆயினும் அவர்கள் காப்பாற்றியது பெரும்பாலும் தாளில்தான். கலப்ஷாத் தீவில் இருப்பவற்றைப் போன்ற ஒரு சில கற்களே மேலே கொண்டுவரப்பட்டன. மற்றவை கொத்தப்பட்ட இடத்திலேயே, இன்று எவரும் காண முடியாத ஆழத்தில் உள்ளன.

இந்தப் பணியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1961-62-இல் தொல்லியல் அறிஞர் பி. பி. லால் தலைமையில் இந்தியக் குழு ஒன்று நூபியாவுக்குச் சென்று, அஃபியே, தூமாஸ் என்னும் இடங்களில் அகழ்ந்தது. அங்கே கிடைத்த கருப்பு-சிவப்பு மண்கலங்கள் தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமக்காடுகளில் கிடைப்பவற்றை ஒத்திருப்பதை லால் எடுத்துக் காட்டினார். இதைக் கேட்டவுடன் நம்மவர்களுக்கு நூபியரும் தமிழரும் ஒரே குலத்தவர் என்று முழங்கும் ஆவல் எழும். பொறுத்தருள்க. இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கால இடைவெளி இருக்கிறது. பானையின் நிறம் ஒன்றைக் கொண்டு உறவு கொண்டாடுவது அறிவுடைமை ஆகாது. தமிழர் எகிப்துக்குச் சென்றதற்குச் சான்று வேண்டுமாயின் அது வேறிடத்தில், ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. செங்கடற் கரையில் உள்ள குசைர் அல்-கதிம் என்னும் பழந்துறைமுகத்தில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. தம் பொருளின்மேல் தம் பெயரை எழுதிய அந்த வணிகர்களே நமக்குப் போதும்.

மூன்றாம் நாள் அமடாவைக் கடந்தபின், ஏரியின் நடுவிலே எங்கள் படகுத்தலைவர் இயந்திரத்தை நிறுத்தினார். படகுத்தலைவரை அங்கே ரயிஸ் என்று மரியாதையாக அழைப்பர். அவர் நூபியர், வயது எழுபதை நெருங்கியவர். கோளாறு ஏதோ என்று நினைத்து நாங்கள் எழுந்தோம். அவர் கையை நீருக்கு நேரே நீட்டி, அறிந்த சிறிதளவு ஆங்கிலத்தில், எங்கள் வீடு இங்கே கீழே இருக்கிறது என்றார். இருந்தது என்று சொல்லவில்லை.

1963 அக்டோபரிலிருந்து 1964 ஜூன் வரை எகிப்திய நூபியர் ஏறக்குறைய 50,000 பேர் தம் ஊர்களை விட்டுப் பெயர்க்கப்பட்டனர். சூடான் பகுதியில் வாடி ஹல்பாவைச் சேர்ந்தவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர், நெடுந்தொலைவிலுள்ள கஷ்ம் அல்-கிர்பாவுக்கு இரயிலில் கொண்டு செல்லப்பட்டனர். புறப்படுமுன் மக்கள் இடுகாடுகளுக்குச் சென்று முன்னோரிடம் விடைபெற்றனர். ரயிஸ் அப்போது சிறுவர். அவர் பாட்டியார் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டதும், படகில் ஏறியபின் ஒருவரும் ஒரு சொல்லும் பேசாததும் மட்டுமே தம் நினைவில் உள்ளவை என்றார். அந்தச் சாவி இன்னும் வீட்டில் இருக்கிறதாம்.

நூபியரின் பழைய வீடுகளின் படங்களைப் பின்னர் பார்த்தேன். அகன்ற முற்றம், மண்சுவர், சுவரெங்கும் பெண்கள் தம் கையால் தீட்டிய பறவை, மீன், படகு, முதலை, வாசலுக்கு மேலே சுவரில் பதித்த பீங்கான் தட்டுகள். பாறையில் படகைக் கொத்திய கைக்கும் சுவரில் படகைத் தீட்டிய கைக்கும் இடையே எத்தனை தலைமுறை என்று நான் கணக்கிடத் துணிய மாட்டேன். ஆனால் அதே நதிக்கரையில், அதே படகு. கோம் ஓம்போவில் அரசாங்கம் கட்டிக் கொடுத்தவை ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள். நதி கண்ணுக்கு எட்டாத தொலைவில். ஊர்களுக்கு மட்டும் பழைய பெயர்களையே இட்டனர்.

ஒரு செய்தி நம் சங்கத்தார் கேட்க வேண்டியது. 1902-இல் கட்டி, 1912-லும் 1933-லும் உயர்த்திய பழைய அஸ்வான் அணையாலேயே நூபியர் தம் நல்ல வயல்களை இழந்தனர். ஆடவர்கள் கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் சென்று சமையற்காரராகவும் வாயிற்காவலராகவும் வேலை பார்த்தனர். அங்கே அவர்கள் ஊருக்கு ஒரு சங்கம் வைத்தனர்! மாதச் சந்தா, புதிதாக வந்தவனுக்குத் துணை, இறந்தவனுக்கு ஈமச் செலவு, விழாவென்றால் ஒன்றுகூடி ஊர்ப்பாட்டு. இதை ரயிஸ் சொல்லக் கேட்டபோது என் துணைவியார் என்னைப் பார்த்து நகைத்தார். நாமும் சந்தா வசூலிக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் அல்லவா! ஆனால் ஒரு வேற்றுமை. விடுமுறைக்கு நம் ஊர் நமக்கு இருக்கிறது. அவர்கள் சங்கத்தின் பெயர்ப்பலகையில் உள்ள ஊருக்கு இரயிலும் இல்லை, படகும் இல்லை. அவர்கள் மொழியும் இடைக்காலத்தில் தனி எழுத்தில் எழுதப்பட்ட பழைமை உடையது. அதன் ஏடுகள் கஸ்ர் இப்ரீம் என்னும் கோட்டையில் கிடைத்திருக்கின்றன. மலையுச்சியில் இருந்த அந்தக் கோட்டை இன்று ஏரியில் ஒரு தீவு. ரயிஸின் பேரப்பிள்ளைகளுக்கு அரபு மொழியே எளிதாக வருகிறதாம்.

அணையே தீது என்று நான் கூறுவதாக எண்ணிவிட வேண்டா. 1980-களில் எத்தியோப்பியாவில் மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் வந்தபோது, இந்த ஏரியில் சேமித்திருந்த நீரே எகிப்தைக் காத்தது. 1988-இல் ஏரி அபாயகரமான அளவுக்கு இறங்கிவிட்ட போதும் வயல்கள் காயவில்லை. ஆண்டுதோறும் வந்த வெள்ளமும் இல்லை. அதே சமயம், வெள்ளத்தோடு வந்த வண்டலும் இல்லை. அது ஏரியின் தென்முனையில் படிந்து விடுகிறது. உழவன் உரம் வாங்குகிறான். மேட்டூரில் நீர் இறங்கும்போது நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதைக் கண்டு மகிழும் நாம், தஞ்சைச் சோற்றை உண்டு வளர்ந்தவர்களும் ஆவோம். நான் குறை காண்பது வேறொன்றில். கல்லால் ஆன அரசனைத் தூக்கி உயரத்தில் வைக்க உலகமே கூடிற்று. அவன் காலடியில் வாழ்ந்தவர்களுக்கு நதிக்கரையில் ஓர் இடம் பார்த்துக் கொடுக்க எவரும் கூடவில்லை. இரண்டாவது பணிக்கு முதற்பணியின் அளவு பொறியியல் வேண்டியதும் இல்லை.

விந்தையான ஒரு பின்விளைவையும் சொல்ல வேண்டும். நூபியரைக் குடியேற்றுவதற்காகக் கோம் ஓம்போ சமவெளியில் நிலம் திருத்தப் போவதால், அங்கும் தொல்பொருள் ஆய்வு தேவைப்பட்டது. 1962-63-இல் அப்படி வந்த கனடாக் குழு ஒன்று அருகிலுள்ள குன்றுகளில் காட்டெருதுகளின் உருவங்களைக் கண்டது. அப்போது அவை அத்தனை பழைமையானவை என்று பலர் ஒப்பவில்லை. பின்னர் பெல்ஜிய அறிஞர் டிர்க் ஹைகே குர்த்தா என்னும் இடத்தில் அத்தகைய உருவங்களை ஆராய்ந்தார். அவற்றை மூடியிருந்த மணலின் காலத்தை அளந்தபோது, குறைந்தது 15,000 ஆண்டுப் பழைமை என்று 2011-இல் வெளியாயிற்று. எகிப்தில் இதுவரை அறிந்தவற்றுள் மிக மூத்த சித்திரங்கள் அவையே. பிரமிடுகள் அவற்றிற்குப் பேரப்பிள்ளைகள்.

நான்காம் நாள் அபு சிம்பலை அடைந்தோம். அங்கே இராமேசஸ் மன்னனின் பெருஞ்சிலையின் காலில், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கூலிப்படையாக வந்த கிரேக்க வீரர்கள் தம் பெயரைக் கீறியிருக்கின்றனர். பழமையின் காரணமாக அந்தக் கிறுக்கலையும் இன்று அறிஞர்கள் போற்றுகின்றனர். இதைச் சான்றாகக் கொண்டு இன்றைய பயணிகளும் ஆணியை எடுத்துவிடுகின்றனர்.

போக விரும்புவோர்க்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். பாறைச் சித்திரங்களின் மேல் நீர் தெளித்தோ சுண்ணக்கோல் தடவியோ படம் எடுக்கக் கூடாது; காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலே அவற்றைத் தெளிவாகக் காட்டும். நண்பகலில் பார்த்தால் வெறுங்கல். நான் எடுத்த படங்களைச் சங்க நூலகத்தில் ஒரு தொகுப்பாக வைத்துள்ளேன். பதினேழாம் பக்கத்தில் இருப்பது வெறும் நீர், தவறி ஒட்டியதன்று. ரயிஸ் இயந்திரத்தை நிறுத்திய இடம் அது.